கழுவும் முன் கேளுங்கள்: ஒரு ஜோடி ரேஸ் கார்புரேட்டரை மீட்ட அனுபவம்

புதுப்பேட்டையில் எடை போட்டு வாங்கியது. அலுமினியம் கிலோ விலைக்கு, கோணியோடு சேர்த்து. "ஏதோ பம்பு தலைண்ணே" என்றான் கடைப் பையன். நான் மறுபேச்சுப் பேசவில்லை. கோணிக்குள் கையை விட்டதுமே விரல் சொல்லிவிட்டது. பக்கவாட்டில் இரண்டு வாய், மேலே வட்ட மூடி, அதன் தலையில் பித்தளை விங் நட்டு. வெபர் 40 டிசிஓஇ, ரேஸ் எஞ்சினுக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டும் கார்புரேட்டர். ஒன்றல்ல, இரண்டு.

வில்லிவாக்கத்தில் முப்பத்தெட்டு வருடமாகக் கார்புரேட்டர் வேலை பார்க்கிறேன். வண்டிகள் எல்லாம் கார்புரேட்டரை விட்டு இன்ஜெக்‌ஷனுக்குப் போன பிறகு பட்டறையில் கூட்டம் குறைந்துவிட்டது. இப்போது வருகிறவர்கள் பழைய வண்டிக்காரர்கள்தான். அவர்களில் ரேஸ் வண்டி வைத்திருப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவே. ஆனால் அவர்கள் கொண்டு வரும் சாமான்தான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். அந்த ஜோடியை மீட்டது எப்படி, எங்கே கோட்டை விட்டேன் என்பதைத்தான் எழுதுகிறேன். உங்கள் கையில் இருப்பது வேறு கார்புரேட்டராக இருக்கலாம், டிஸ்ட்ரிபியூட்டராக இருக்கலாம், எஞ்சின் சுற்றைக் காட்டும் பழைய ரெவ் கவுண்டராகக்கூட இருக்கலாம். வேலையின் வரிசை பெரிதாக மாறாது.

கோட்டை விட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்று ராத்திரியே ஒன்றைத் தின்னரில் போட்டுக் கழுவிவிட்டேன். ஆசை. ஐம்பது வருட அழுக்குக்குக் கீழே கம்பெனி பிறந்த ஊரான போலோன்யாவின் முத்திரையைப் பார்க்க வேண்டும் என்ற அவசரம். முத்திரை தெரிந்தது. கூடவே தட்டில் தின்னர் நீலமாக மாறியிருந்தது. கார்புரேட்டர் உடம்புக்கு ஏது நீலம்? யாரோ காருக்குப் பெயின்ட் அடித்தபோது தெறித்த துளி. அல்லது அடையாளத்துக்காகத் தூரிகையால் வைத்த புள்ளி. எதுவானாலும் கரைந்து போய்விட்டது. இரண்டாவதை அதே நிமிடம் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன். அதன் ஃபிளாஞ்சில் (எஞ்சினோடு மாட்டும் விளிம்பு), கிரீஸுக்கு அடியில், பட்டாணி அளவு நீலம் இன்னும் இருக்கிறது.

அதனால் முதல் வேலை: கழுவாதீர்கள். ஆறு பக்கமும் படம் எடுங்கள், பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. பிறகு லென்ஸை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அரம் போட்ட தடம், பஞ்ச் குத்திய புள்ளி, ஸ்க்ரூ தலையில் திருப்புளி எந்தப் பக்கம் வழுக்கியிருக்கிறது, கேஸ்கட் கம்பெனிச் சரக்கா கையால் வெட்டியதா, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். என்னுடைய ஜோடியில் நான் குறித்தவை நான்கு. ஒரு விங் நட்டின் சிறகில் அரத்தால் ஒரு வெட்டு, மற்றதில் இரண்டு. கேஸ்கட் கார்க் ஷீட்டில் கையால் வெட்டியது. காற்று வாய்க்கான குழல்கள் நான்கில் மூன்றுதான் இருந்தன. நான்காவதுதான் முக்கியம்: அடியில் பொறித்திருக்கும் எண்ணில் ஒன்று "40 டிசிஓஇ 2", மற்றது "40 டிசிஓஇ 18".

அந்தக் கடைசி எண்ணைப் பலர் பார்ப்பதேயில்லை. 40 என்பது துவாரத்தின் அளவு, மில்லிமீட்டரில். பின்னால் வரும் எண்தான் எந்த வகை என்று சொல்லும். வகைக்கு வகை உள்ளே துளைகள் மாறும். என் இரண்டும் ஃபேக்டரியில் ஜோடியாகப் பிறந்தவை அல்ல. இங்கே யாரோ சேர்த்து வைத்த ஜோடி.

ஏன் அப்படிச் சேர்த்தார்கள் என்பது அந்தக் காலத்தை அறிந்தவர்களுக்குப் புரியும். எடோர்டோ வெபர் 1923-இல் இத்தாலியின் போலோன்யாவில் தொடங்கிய கம்பெனி அது. 1945-இல் ஆள் காணாமல் போனார், கம்பெனி பின்னர் ஃபியட் கைக்குப் போனது. ஆல்ஃபா ரோமியோ, லோட்டஸ் என்று ஐரோப்பாவில் ஓடிய பாதி ரேஸ் கார்களின் மூச்சு இந்தப் பக்கவாட்டுக் கார்புரேட்டர்தான். அங்கே கடைக்குப் போனால் கிடைத்த ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை உள்ள பித்தளைத் துண்டு), இங்கே இறக்குமதி லைசன்ஸ் காலத்தில் தங்கத்துக்குச் சமம். யாராவது கப்பலில் வந்தால் பாக்கெட்டில் நாலு ஜெட் வரும். ஒரு கார்புரேட்டர் ஒரு வண்டியிலிருந்து, இன்னொன்று வேறொரு வண்டியிலிருந்து. கிடைத்ததை மாட்டி ஓட்டினார்கள்.

எங்கே ஓட்டினார்கள்? சோழவரத்தில். செங்குன்றம் தாண்டி, கல்கத்தா ரோட்டில், இரண்டாம் உலகப் போரில் போட்ட விமான ஓடுதளம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கியது. அவர்களுக்கென்று இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக் 1990-இல் வரும்வரை சோழவரம்தான் தென்னாட்டு ரேஸ் ரசிகனுக்குத் திருவிழாத் திடல். எனக்குப் பதினோரு வயதில் அப்பா கூட்டிப் போனார். கார் என் கண்ணில் பட்டதைவிடக் காதில் பட்டதுதான் அதிகம். முன்னால் நின்றவர்களின் முதுகுதான் தெரிந்தது. கேஸ்ட்ரால் எண்ணெய் எரிந்த வாசனை மட்டும் சட்டையோடு வீட்டுக்கு வந்தது. அம்மா மறுநாள் அதைத் துவைத்துவிட்டாள்.

பெரியவர் கையில் கொடுங்கள்

இரண்டாவது வேலை, ஆள் தேடுவது. பந்தயத் திடலின் பிட்டில், அதாவது வண்டியைப் பழுது பார்க்கும் இடத்தில், வேலை பார்த்த மெக்கானிக்குகளில் இன்று இருப்பவர்களுக்கு எழுபத்தைந்து, எண்பது வயது. ராயபுரத்தில் ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். பெயர் வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது.

முதல் தடவை செல்போனில் படத்தைக் காட்டினேன். "வெபர்" என்றார். அவ்வளவுதான். எந்த வருஷம், எந்தக் கார், யார் ஓட்டினார் என்று கேட்கக் கேட்க அவர் முகம் சுருங்கியது. பரீட்சை எழுத உட்கார வைத்த மாதிரி. அடுத்த வாரம் கழுவாத கார்புரேட்டரைத் துணியில் சுற்றி எடுத்துப் போய் மடியில் வைத்தேன். பேசவில்லை. கண் சரியாகத் தெரியாது அவருக்கு. விங் நட்டைத் தடவினார். வெட்டில் நகம் நின்றது.

"ரெண்டு வெட்டா? அப்ப இது பின்னாடி இருந்தது தம்பி."

"எப்படிண்ணே சொல்றீங்க?"

"முன்னாடி கார்புரேட்டருக்கு ஒரு வெட்டு, பின்னாடிக்கு ரெண்டு. ராத்திரி லைட்டு இருக்காது. மூடி மாறிடக் கூடாதுன்னு பையனுங்க அரத்த வெச்சு இழுத்துடுவானுங்க. கை பாத்துக்கும்."

அதற்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் நிறுத்தவில்லை. ஹெரால்டு கார் உடம்பில் ஃபோர்டு எஞ்சினை இறக்கிய வண்டி, நீலக் கலர், ஓட்டினவர் கையுறை போட மாட்டார், பந்தயம் முடிந்ததும் முதலில் மோர்தான் கேட்பார். வருஷம் மட்டும் வரவேயில்லை. நானும் கேட்கவில்லை.

இதில் நான் கற்றுக்கொண்டது: வருஷத்தைக் கேட்காதீர்கள். பக்கத்தில் யார் நின்றது, மழை பெய்ததா, சாப்பாடு எங்கிருந்து வந்தது, எந்த ஸ்பேனர் காணாமல் போனது என்று கேளுங்கள். வருஷம் அதிலிருந்து தானே வந்து விழும், இல்லாவிட்டால் போகட்டும். போனில் ரெக்கார்டரை ஓடவிடுங்கள், ஆனால் அனுமதி கேட்டுவிட்டு, ஒளித்து வைக்காமல். ஆரம்பத்திலேயே தேதி, இடம், பேசுகிறவர் பெயர், எந்தச் சாமான் கையில் இருக்கிறது என்பதை உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். பத்து வருடம் கழித்து அந்தக் குரல் யாருடையது என்று உங்கள் பிள்ளைக்குத் தெரியாது.

திறப்பது

இனி பட்டறை வேலை. நல்ல திருப்புளி இல்லாமல் வெபரைத் தொடாதீர்கள். ஜெட் எல்லாம் பித்தளை, மெத்தென்று இருக்கும். திருப்புளியின் நுனியைச் சாணையில் தேய்த்து, வெட்டில் ஆட்டமில்லாமல் உட்காரும்படி செய்துகொண்ட பிறகுதான் கை வைக்க வேண்டும். இறுகியிருந்தால் டீசலில் இரண்டு நாள் ஊறட்டும். பிறகு கொதிக்கும் தண்ணீரை உடம்பின்மேல் ஊற்றுங்கள். அலுமினியம் பித்தளையைவிடக் கொஞ்சம் கூடுதலாக விரியும், ஜெட் இளகும். கேஸ் டார்ச்சை எடுக்கிறவரை என் பட்டறைக்குள் விடமாட்டேன்.

கழற்றும்போது நூறு தடவை தவறு நடக்கும் இடம் பட்டர்ஃப்ளை ஸ்க்ரூ. பட்டர்ஃப்ளை என்பது துவாரத்தைத் திறந்து மூடும் தகடு, அது ஸ்பிண்டில் என்ற தண்டில் உட்கார்ந்திருக்கும். சின்ன பித்தளை ஸ்க்ரூ, தளர்ந்து எஞ்சினுக்குள் போய்விடக் கூடாது என்று நுனியைத் தட்டிப் பிளந்து வைத்திருப்பார்கள். அப்படியே திருகினால் ஸ்பிண்டிலின் மரை பாழ். முதலில் பிளந்த நுனியை ஊசி அரத்தால் தேய்த்துச் சமமாக்கிவிட்டுத் திருகுங்கள். பட்டர்ஃப்ளை எந்தத் துவாரத்திலிருந்து வந்தது, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று மார்க்கரால் குறியுங்கள். அது வட்டத் தகடு போலத் தோன்றும், ஆனால் ஓரம் சாய்வாகச் சீவப்பட்டது. திருப்பிப் போட்டால் மூடாது. ஸ்பிண்டில் இறுகியிருந்தால் சுத்தியலால் அடிக்காதீர்கள். இரண்டு பக்கமும் பால் பேரிங் இருக்கிறது, அதன் மூடியைக் கழற்றி எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். என்னுடையது ஒன்று பதினோரு நாள் எடுத்துக்கொண்டது. பன்னிரண்டாம் நாள் காலையில் காப்பியோடு போய்ச் சும்மா விரலால் தொட்டேன், திரும்பியது.

சுத்தம் செய்வதில் மூன்று பேரைக் கிட்டவே சேர்க்காதீர்கள். காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும். மணல் பிளாஸ்டிங்கில் ஒரு மணல் உள்துளைக்குள் நின்றாலும் நாளைக்கு ஜெட் அடைக்கும். கம்பி பிரஷ் பழைய வார்ப்பின் தோலையே உரித்துவிடும். நகைப் பட்டறைகளில் அல்ட்ராசோனிக் தொட்டி இருக்கும். தெரிந்தவர் இருந்தால் சூடான சோப்புத் தண்ணீரில் பத்துப் பத்து நிமிடமாக ஓட்டித் தரச் சொல்லுங்கள். விங் நட்டு, மூடி மாதிரி வெளிப் பித்தளைக்குப் புளியே போதும், அதிலும் மின்ன மின்னத் தேய்க்காதீர்கள். ஜெட் துளைக்குள் குண்டூசி, இரும்புக் கம்பி எதுவும் நுழையக் கூடாது. தூண்டில் நரம்புதான். அந்தத் துளையின் அளவுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

உடம்பில் துளை போட்ட வாய்களை ஃபேக்டரியில் ஈயத்தால் அடைத்திருப்பார்கள். எல்லா ஈயத்தையும் பிடுங்க வேண்டும் என்று ஒரு கூட்டம் சொல்லும். எனக்கு அதில் உடன்பாடில்லை. காற்றுக் குழாயை வைத்து ஊதி, மறுமுனையில் காற்று தாராளமாக வந்தால் ஈயத்தைத் தொடாதீர்கள். வராவிட்டால் மட்டும் நடுவில் சின்னத் துளை போட்டு, ஸ்க்ரூவை ஏற்றி, இழுத்து எடுங்கள். புது ஈயத்தை வைத்துத் தட்டி அடைக்கலாம்.

ஒரு ஜெட்டின் கதை

கழுவாமல் வைத்திருந்த கார்புரேட்டரில் மெயின் ஜெட்டின் மேல் 130 என்று பொறித்திருந்தது. வெபர் ஜெட்டில் எண் என்பது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, அதாவது 1.30 மில்லிமீட்டர் துளை. ஆனால் 1.30 ட்ரில்லின் காம்பு உள்ளே போகவில்லை. 1.20 போனது. லென்ஸில் பார்த்தால் துளையைச் சுற்றி வெள்ளை வளையம். யாரோ ஈயப் பற்று வைத்து அடைத்து, மறுபடி கையால் துளைத்திருக்கிறார்கள்.

கோபம் வந்தது. பிறகு உள்ளே சோக்கை எடுத்துப் பார்த்தேன். 30. அதாவது காற்று போகும் இடுப்பின் அளவு 30 மில்லிமீட்டர். வெபர்காரர்கள் ஆரம்பக் கணக்காக வைத்துக்கொள்வது சோக்கை நான்கால் பெருக்கினால் மெயின் ஜெட். 30-ஐ நான்கால் பெருக்கினால் 120. அந்த ஆளுக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது, 120 ஜெட்தான் கிடைக்கவில்லை. இருந்த 130-ஐ அடைத்து 120 ஆக்கியிருக்கிறார், எங்கோ ஒரு கொட்டகையில், கைத் துளைப்பானால். துளை நடுவில்கூட இருக்கிறது. என்னால் இன்று அப்படிச் செய்ய முடியுமா, சந்தேகம்தான்.

அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது ஜெட் போட்டுவிட்டால் கார்புரேட்டர் சுத்தமாகிவிடும். அந்த ஆள் போய்விடுவார். அதே ஜெட்டை வைத்து ஓட்டினால் பற்று உதிர்ந்து அடைக்கலாம். ஆகவே நான் செய்வது: ஓடுவதற்குப் புது ஜெட். பழையது ஒரு தகர டப்பாவில், சீட்டோடு. சீட்டில் எங்கிருந்து எடுத்தது, என்ன அளவு, ஏன் மாற்றினேன் என்று பென்சிலால். பேனா மை எண்ணெய் பட்டால் ஓடிவிடும். கழற்றி எடுத்த எதையும் நான் குப்பையில் போடுவதில்லை, கார்க் கேஸ்கட்டைக்கூட.

வகை எண் 2-ம் 18-ம் மாறி இருந்ததைச் சொன்னேன் அல்லவா. பட்டர்ஃப்ளை கொஞ்சம் திறக்கும்போது பெட்ரோல் ஊற்றும் சின்னத் துளைகள் இரண்டிலும் ஒரே மாதிரி இல்லை. ஐடிலிலிருந்து ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் எஞ்சின் ஒரு விக்கல் விக்கும். பந்தயக்காரனுக்கு அது பொருட்டில்லை, அவன் லேசாக மிதிக்கப் போவதே இல்லை. இந்த ஜோடியைத் தன் ஃபோர்டு கார்ட்டினா காருக்குக் கேட்ட கோயம்புத்தூர்க்காரரிடம், "சிக்னலில் விக்கும், பரவாயில்லையா?" என்று கேட்டேன். பரவாயில்லை என்றார். துளையைப் பெரிதாக்கிச் சரிசெய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஜோடியை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிடுங்கள் என்றும் சொல்லி வைத்தேன்.

ஃப்ளோட், ஸ்பிண்டில், குழல்

ஃப்ளோட் என்பது உள்ளே பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை. பித்தளை ஃப்ளோட்டைச் சூடான தண்ணீரில் அமுக்குங்கள். குமிழி வந்தால் ஓட்டை. உள்ளே பெட்ரோல் இருக்கும், ஆவி இருக்கும், அதனால் தீயையோ சூடான சால்டரிங் அயர்னையோ உடனே கிட்டக் கொண்டு போகாதீர்கள். வெந்நீரில் பல தடவை வைத்து உள்ளே இருப்பது முழுக்க வெளியேறிய பிறகுதான் பற்று வைக்க வேண்டும். பற்று கூடினால் எடை கூடும், எடை கூடினால் பெட்ரோல் மட்டம் ஏறும். நல்ல ஃப்ளோட் 26 கிராம் இருக்கும். பொற்கொல்லர் தராசில் எடை பாருங்கள்.

மட்டம் வைப்பது இப்படி: மேல் மூடியைச் செங்குத்தாகப் பிடியுங்கள், ஃப்ளோட் தொங்கட்டும். அதன் நாக்கு, பெட்ரோல் வரும் வாயை அடைக்கும் ஊசியின் நுனியில் இருக்கும் ஸ்பிரிங் குண்டைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. அந்த நிலையில் கேஸ்கட் முகத்திலிருந்து ஃப்ளோட்வரை 8.5 மில்லிமீட்டர். முழுக்கத் தாழ்ந்தால் 15. அளவுகோலுக்கு அலையாதீர்கள். 8.5 ட்ரில் ஒன்றை இடையில் செருகிப் பார்த்தால் போதும். பிளாஸ்டிக் ஃப்ளோட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஸ்பிண்டில் வளைந்திருக்கிறதா என்று பார்க்கப் பட்டர்ஃப்ளைகளை மாட்டி மூடி, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். சுற்றி நூலிழை வெளிச்சம் இரண்டு துவாரத்திலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். சரியாக உட்கார்ந்த பிறகு புது ஸ்க்ரூவில் லாக்டைட் பசை ஒரு துளி விட்டு இறுக்கி, ஸ்பிண்டிலுக்குக் கீழே தாங்கல் கொடுத்து நுனியைப் பிளந்துவிடுங்கள். தாங்கல் கொடுக்காமல் தட்டினால், நேராக்கிய ஸ்பிண்டிலை நீங்களே வளைத்துவிடுவீர்கள்.

காணாமல் போன நான்காவது குழலுக்கு வெளிநாட்டில் ஆர்டர் போடலாம். நான் பாத்திரப் பட்டறைக்குப் போனேன். சொம்புக்கும் குடத்துக்கும் தகட்டைச் சுழலவிட்டு அழுத்தி வடிவம் எடுப்பார்களே, அதே வேலைதான். மீதி மூன்றில் ஒன்றை அளந்து தேக்கில் அச்சு கடைந்து கொடுத்தேன். மூன்றாவது முயற்சியில் அச்சு அசலாக வந்தது. வாயின் விளிம்பைச் சுருட்டியதைப் பார்த்துப் பட்டறைக்காரர், "வாயில வெச்சு ஊதற எக்காளமா?" என்று கேட்டார். ஏறக்குறைய அதேதான் என்றேன். ஒரு சமாச்சாரம்: புதிதாகச் செய்த சாமானில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செய்த வருடத்தைப் பொறித்துவிடுங்கள். நாளைக்கு யாரும் அதை அசல் என்று விற்கக் கூடாது.

வார்ப்புச் சாமான் உடைந்திருந்தால், உடைந்ததையே ஒட்டி அச்சாக வைத்து வார்க்கலாம் என்று தோன்றும். அலுமினியம் ஆறும்போது நூறு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1.3 சுருங்கும். போல்ட் துளைகள் பொருந்தாது. சுருக்கத்தைச் சேர்த்து மர அச்சு செய்யச் சொல்லுங்கள். கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் மோட்டார் பம்புக்கு வார்ப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எஸ். கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டிய ஊர் அது. 1995-இல் விமான விபத்தில் அவர் போன பிறகு அந்த ஊர் டிராக்குக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய ரேஸ் கார்களில் வீல், கியர்பாக்ஸ் கூடு மாதிரியானவை மெக்னீசியமாக இருக்கலாம். பார்க்க அலுமினியம் போலவே இருக்கும், தூக்கினால் லேசு. மறைவான இடத்தில் சுரண்டி ஒரு துளி வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் மெக்னீசியம். அதைச் சாணை பிடிக்காதீர்கள். தூள் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் எரியும். உலர்ந்த மணல் ஒரு வாளி பக்கத்தில் இருக்கட்டும்.

மாட்டி ஓட்டுவது

கார்ட்டினாவின் 1498 சிசி எஞ்சினில் இரண்டையும் மாட்டினோம். எஞ்சினுக்குள் கலவையைக் கொண்டு போகும் மேனிஃபோல்டுக்கும் கார்புரேட்டருக்கும் இடையே ரப்பர் ஓ-ரிங் வரும், நட்டுக்கு அடியில் இரட்டைச் சுருள் வாஷர் வரும். பலமாக இறுக்குவதுதான் நல்லது என்று நினைக்கிற மெக்கானிக் இங்கேதான் தோற்கிறான். சுருள்களுக்கு இடையில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி நிற்க வேண்டும், கையால் அசைத்தால் கார்புரேட்டர் கொஞ்சம் ஆட வேண்டும். முழுக்க இறுக்கினால் எஞ்சின் நடுக்கம் நேரே ஏறி, ஃப்ளோட் அறையில் பெட்ரோல் மோர் மாதிரி நுரைக்கும். பெட்ரோல் அழுத்தம் 2.5 முதல் 3 பிஎஸ்ஐ போதும். இப்போதைய எலக்ட்ரிக் பம்பை ரெகுலேட்டர் இல்லாமல் போட்டால் ஊசியைத் தள்ளிக்கொண்டு வழியும்.

முதல் ஸ்டார்ட்டுக்குக் கையில் தீயணைப்பான் இல்லாமல் நிற்காதீர்கள். குழல் வழியே தீ துப்பும், துப்பத்தான் செய்யும். மிக்சர் ஸ்க்ரூவை லேசாக மூடி, ஒன்றேகால் சுற்றுத் திறந்து ஆரம்பியுங்கள். இரண்டும் ஒரே அளவு மூச்சு வாங்குகிறதா என்று பார்க்க மீட்டர் உண்டு. இல்லாதவர்கள் அரை மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் காட்டினால் சீறல் வித்தியாசம் கேட்கும். பெரியவரை ஆட்டோவில் கூட்டி வந்திருந்தேன். மீட்டரை வேண்டாம் என்று தள்ளிவிட்டுக் குழாயைக் கேட்டு வாங்கினார். காது மந்தம் வேறு. குழாயை ஒவ்வொரு வாய்க்கும் இரண்டு தடவை கொண்டு போனார். "சரியா இருக்குன்னுதான் நெனைக்கிறேன்" என்றார். மீட்டரில் பின்னாலது சற்றுக் கூட இருந்தது. நான் சொல்லவில்லை, அவர் போன பிறகு திருகிக்கொண்டேன்.

இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது, அது ஈரத்தை இழுக்கும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். நிறுத்துவதற்கு முன் பம்பை அணைத்து எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட்டு, மேல் மூடியைத் திறந்து மிச்சத்தைத் துணியால் ஒற்றிவிடுங்கள்.

பகிர்வது

சாமான் தயாரானதும் படம் போட்டு நாலு பேருக்குக் காட்ட ஆசை வரும். காட்டுங்கள், அப்படித்தான் இன்னொருவர் நினைவு கிளம்பும். ஆனால் சேஸிஸ் தகடு, எஞ்சின் எண் ஆகியவற்றை மறைத்துவிடுங்கள். அதைப் பார்த்து அப்படியே தகடு அடித்து, இல்லாத காருக்கு ஜாதகம் எழுதுகிற ஆட்கள் இருக்கிறார்கள். குடும்பத்தார் கொடுத்த பழைய புகைப்படத்தை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து அசலை அந்த வாரமே திருப்பிக் கொடுங்கள், கூட ஒரு பிரின்ட்டும் போட்டு. படத்தின் பின்னால் எழுத வேண்டுமென்றால் மெல்லிய பென்சில், ஓரத்தில்.

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் நீதிபதி ஆகாதீர்கள். ஹெரால்டு உடம்பில் ஃபோர்டு எஞ்சின் என்று ராயபுரத்துப் பெரியவர் சொன்னதை, புரசைவாக்கத்தில் இன்னொரு பழைய மெக்கானிக் அடியோடு மறுத்தார். அது ஃபியட், பச்சை, தானே ட்யூன் செய்தது என்றார். பட்டாணி அளவு நீலத்தைக் காட்டினேன். "அது வேற வண்டி பெயின்ட்" என்றார். இருக்கலாம். நான் கழுவிவிட்ட மற்றதன்மேல் இருந்த நீலமும் இதே நீலமா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. இரண்டு கூற்றையும் பெயரோடும் தேதியோடும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

தகர டப்பாவில் இப்போது அடைத்துத் துளைத்த ஜெட், கார்க் கேஸ்கட், பழைய பட்டர்ஃப்ளை ஸ்க்ரூ எட்டு. கோணியின் அடியில் கிடைத்த ஒரு ஸ்பிரிங்கும் இருக்கிறது, வெபரில் எங்கேயும் பொருந்தாதது. அதற்கும் ஒரு சீட்டு போட்டிருக்கிறேன்: "இது என்னவென்று தெரிந்தவர் சொல்லவும்."